ஒரு முழம் நூலும் உண்மையான ஊசியும்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்லடம் வட்டாரத்து அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தையலில் லோயர், ஹையர் என்ற அரசுத் தேர்வு இரண்டும் எழுதித் தேறி, அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் உங்கள் பள்ளிகளில் ஒன்றின் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குத் தையல் பெட்டி வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார், வாங்கலாமா என்று பேச்சு. ரெண்டு பேர் வாங்கலாம் என்றார்கள். மூன்றாவதாக ஒரு தாய் எழுந்தார். பனியன் கம்பெனியில் இருந்து அரை நாள் லீவு போட்டு வந்தவர், துப்பட்டாவில் பஞ்சு ஒட்டியிருந்தது. "நாங்க தெச்சுத் தேஞ்சது போதாதுங்களா, எம்புள்ளையும் தெக்கோணுங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. தலைமையாசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

என்னாலும் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மடல் அந்தத் தாய்க்கான பதில். அவர் கேட்டது உங்கள் எல்லோருடைய மனத்திலும் இருக்கும் கேள்விதான் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது 1980களின் கடைசியில். கோடை லீவு முடிந்து பள்ளி திறந்தால் வகுப்பில் சில இடம் காலியாக இருக்கும். எங்கே என்று கேட்டால், "கைமடிக்குப் போயிருச்சுங் டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷினில் தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று, துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் ஓட்டுத் தையலை மற்ற எல்லோரையும்விடச் சீராகப் போட்ட ஒரு பெண் அப்படித்தான் போனாள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. அது கம்பெனி வாசல்வரைக்கும் வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது. அந்தக் காலியிடங்களைப் பார்த்த யாருக்கும், பள்ளிக்கூடத்தில் தையல் என்றால் நெஞ்சு ஒரு நிமிடம் திக்கென்றுதான் ஆகும்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரான பிறகு கைவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள். செருப்புத் தைப்பவர் பிள்ளைக்குச் செருப்பு, தறிக்காரர் பிள்ளைக்குத் தறி என்று ஒதுக்கி வைப்பது படிப்பு ஆகாது.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. தறி ஓட்டுபவர் பிள்ளை, கோழிப்பண்ணைக்காரர் பிள்ளை, வாத்தியார் பிள்ளை, ஒடிசாவில் இருந்து வந்தவர் பிள்ளை என்று பேதமில்லாமல், பையனானாலும் பெண்ணானாலும் எல்லோர் கைக்கும் ஒரே மாதிரி தையல் டப்பா. அதில் தைப்பது அவரவர் சட்டையும் அவரவர் பையும். விற்பனைக்கு ஒரு துண்டுகூடத் தைக்கக் கூடாது. கண்காட்சிக்கு என்று சொல்லி நல்லாத் தைக்கிற நாலு பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து வேலை வாங்கவும் கூடாது. இது நடக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன், நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்மணி, நீங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தோள்பட்டை ஜாயின்ட் போடுகிறீர்கள்? முழு பனியனை ஒரு நாளாவது நீங்களே தொடங்கி முடித்ததுண்டா? இதைக் குறையாகக் கேட்கவில்லை. கம்பெனி வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. கை ஓயாமல் ஓடும், தைத்த துணி யாருடையது என்றே தெரியாது. உங்கள் மகள் கையில் வரப்போகும் டப்பா அப்படிப்பட்டதில்லை. துணியை வெட்டுவதில் இருந்து கடைசி முடிச்சு போடுகிறவரைக்கும் அவளே செய்வாள். முடித்ததை அவளே தோளில் மாட்டிக்கொண்டு போவாள்.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தையல் பீரியட் வந்தால் பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவோம். அது தான் வழக்கம், நானும் அப்படியே செய்தேன். நம் ஊரில் தையல் கடையில் உட்கார்ந்திருப்பவர் ஆண், கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆண். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஊசி பெண்பிள்ளைக்கு உரியதாகிவிட்டது. சம்பளம் வரும் ஊசி ஒருத்தருக்கு, வீட்டில் கிழிசல் தைக்கும் ஊசி இன்னொருத்தருக்கு என்று நாங்களே பிரித்துக் கொடுத்திருக்கிறோம். இத்தனை வருடத்தில் எத்தனை நூறு பையன்களை அந்த வாசலில் இருந்து திருப்பி அனுப்பினேன் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த முறை அது நடக்க விடாதீர்கள்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். கடையில் ரெடியாக விற்கும் பெட்டியை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில வருடம் முன்பு ஒரு பள்ளிக்கு நன்கொடையாக அப்படி முப்பது பெட்டி வந்தது. பளபளவென்று அட்டை, உள்ளே பிளாஸ்டிக் ஊசி, முன்னாடியே ஓட்டை போட்ட ஆந்தைப் பொம்மைத் துணி, அந்த ஆந்தைக்கு மட்டும் போதுமான நூல். பிள்ளைகள் ஓட்டையில் ஊசியை விட்டு எடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் முப்பது ஆந்தை முடிந்தது. எல்லா ஆந்தையும் ஒரே மாதிரி. அடுத்த நாள் ஒரு பையன் பட்டன் போன சட்டையோடு வந்தான். அந்தப் பெட்டியில் இருந்த எதை வைத்தும் அந்தப் பட்டனைத் தைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் ஊசி சட்டைத் துணிக்குள் இறங்கவே இல்லை.

நாமே சேர்க்கும் டப்பாவில் முதலில் வேண்டியது உண்மையான ஊசி. குத்திவிடுமே என்று பயப்படுகிறீர்கள். குத்தும். முதல் வாரம் ரெண்டு மூன்று பேருக்குக் குத்தும், ஒரு சொட்டு ரத்தம் வரும், கழுவினால் நின்றுவிடும். மழுங்கின ஊசிதான் அதைவிட மோசம். அது துணிக்குள் போகாது, பிள்ளை முழு பலத்தோடு அழுத்தும், சட்டென்று வழுக்கி மறு கையில் ஆழமாக ஏறும். கூரான ஊசிக்கு பலமே வேண்டாம். கடையில் சும்மா ஊசி கேட்டால் பெரும்பாலும் பொடி ஊசியாக எடுத்துக் கொடுப்பார்கள். கை ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. எம்ப்ராய்டரி ஊசி, 5 அல்லது 6ஆம் நம்பர் என்று கேட்டு வாங்குங்கள். காது நீளமாக இருக்கும், நூல் சுலபமாக ஏறும். ஒரு டப்பாவுக்கு மூன்று ஊசி, அதற்கு மேல் வேண்டாம்.

துணி விஷயத்தில் திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வோம். கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, கொடுத்துவிடலாம் என்போம். பனியன் துணி இழுபடும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். புதிதாகத் தைக்கிற கைக்கு அது எதிரி. நேராகத்தான் தைத்திருக்கும் பிள்ளை, துணி இழுபட்டதால் தையல் கோணலாகத் தெரியும், தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பனியன் வேஸ்ட் ஊசி மெத்தைக்குள்ளே அடைக்க, பந்துக்குள்ளே திணிக்க நல்லது, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தைக்க வேண்டியது காடாத் துணியில், அதாவது தறியில் இருந்து வெளுக்காமல் வரும் பருத்தித் துணியில். பல்லடத்திலும் சோமனூரிலும் தறிச் சத்தம் கேட்காத தெருவில்லை, நமக்குக் காடாவுக்கா பஞ்சம்? ஒரு தறிக்காரரிடம் கேட்டால் அறுந்த துணி, கறை பட்ட துணி தருவார். ஆனால் அப்படியே கொடுக்காதீர்கள். நெய்வதற்காகப் பாவு நூலில் போட்ட கஞ்சி அதில் இருக்கும், ஊசி முரண்டு பண்ணும். வெந்நீரில் ஊறவைத்து ஒரு முறை அலசிக் காயப்போட்டால் கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். பிறகு ஒரு சாண் சதுரமாக வெட்டிக் கொடுங்கள்.

நூல், ஆறு இழை சேர்ந்த எம்ப்ராய்டரி பருத்தி நூல். அதில் மூன்று இழையைப் பிரித்துக் கோர்க்கச் சொல்ல வேண்டும். காடா வெளிர் நிறம், ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் என்று அழுத்தமான கலராக இருக்கட்டும், தன் தையல் எங்கே போகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். கம்பெனிக் கோனில் மிச்சமிருக்கும் பாலியெஸ்டர் நூலைப் பட்டன் தைக்க மட்டும் கொஞ்சம் சுற்றி வையுங்கள். நூலின் நீளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு முழம். உங்கள் முழம் அல்ல, அந்தப் பிள்ளையின் முழம். விரல் நுனியில் இருந்து முழங்கைவரை அதுவே அளந்து வெட்டிக்கொள்ளட்டும். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால் கை எட்டாது, நூல் சிக்கும், சிக்கைப் பிரிப்பதிலேயே பீரியட் போய்விடும். பூக்காரம்மா அளப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு இதை ரெண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது.

கத்தரிக்கோல் பிள்ளைக்கு ஒன்று வேண்டாம். காகிதம் வெட்டும் மழுங்கல் கத்தரியை இருபது வாங்குவதற்கு, துணி வெட்டும் சின்னக் கத்தரியாக நல்லது ஐந்து வாங்குங்கள், நாலு பேருக்கு ஒன்று. அதில் காகிதம் வெட்டவே கூடாது. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். அவர்களுக்கென்று இடது கைக் கத்தரி ஒன்று தேடி வாங்கி வைத்தால் புண்ணியம். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகு துணியை மடக்கும், வெட்டாது. பிள்ளைக்குக் கை வரவில்லை என்று அதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கோடு போட, தேய்ந்து மெலிந்து காய்ந்த சோப்புத் துண்டு போதும், டெய்லர்கள் காலங்காலமாகச் செய்வது, துவைத்தால் போய்விடும். நூல் சிக்காமல் இருக்க ஒரு துண்டு மெழுகு. பழைய சட்டையில் இருந்து கழற்றிய பட்டன் பத்து, நாலு ஓட்டை வைத்தது. ஊசி மெத்தையில் வெறும் பஞ்சு வைத்தால் ஈரம் இழுத்து ஊசி துருப்பிடிக்கும். என் அம்மா சீப்பில் சேரும் தலைமுடியைத் திணிப்பார், அதில் இருக்கும் எண்ணெயால் ஊசி பளிச்சென்றே இருக்கும். டப்பா, மூடி இறுக்கமாகப் பிடிக்கிற பழைய டிபன் டப்பா.

இன்னும் ஒன்று, பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம், வகுப்புக்கு ஒன்று. இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள்? உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, கையெழுத்துப் போட்ட பிறகுதானே புது ஊசி கைக்கு வரும்? அதே முறைதான் வகுப்புக்கும். டப்பா திறக்கும்போது மூன்று ஊசி, மூடும்போது மூன்று ஊசி, சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது, காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுக்க வேண்டும். ஊசியைக் கண்டெடுத்த பிறகே பெல் அடித்தாலும் வெளியே. வெறும் காலோடு ஓடும் பிள்ளைகள் இருக்கும் இடம் இது. இந்த ஒழுங்கை எந்த ஆசிரியரையும்விட நீங்கள்தான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

இந்த டப்பாவை வைத்துப் போன கோடையில் எங்கள் தெரு மண்டபத்தில் பதினாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதில் ஐந்து பையன்கள். ஒருத்தன் ஐந்தாவது படிப்பவன், சட்டையில் ரெண்டாவது பட்டன் இருக்கும் இடத்தில் ஊக்கு. அரசு கொடுக்கும் நாலு செட்டில் மூன்றில் இதே கதைதான் என்றான். அம்மா நைட் ஷிஃப்ட், கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லையாம்.

மூன்றாம் நாள் அவனிடம் பட்டன் வேலையைக் கொடுத்தேன். நூலை வாயில் வைத்து ஈரம் பண்ணி, ஊசியின் காதைக் குத்திக் குத்திப் பார்த்தான், போகவில்லை. நூலைச் சாய்வாக வெட்டி, ரெண்டு விரலுக்கு நடுவில் நுனி மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு, ஊசியை நூலிடம் கொண்டுபோ கண்ணு என்றேன். ஏறிவிட்டது. பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, அதன் மேலாகத் தைக்கச் சொன்னேன். மேலே வந்து கீழே போய், மேலே வந்து கீழே போய், ஒவ்வொரு ஓட்டைக்கும் உதடு அசைய எண்ணிக்கொண்டே தைத்தான். முடிந்ததும் தீக்குச்சியை உருவினோம். பட்டன் கொஞ்சம் தளர்ந்து நின்றது. இப்போது பட்டனுக்கு அடியில் நூலை மூன்று சுற்று சுற்று, அதுதான் கழுத்து, பட்டன் நுழைகிற காஜாவுக்குள் போய் உட்கார அந்த இடைவெளி வேண்டும் என்றேன். சுற்றினான், முடிச்சுப் போட்டான், பல்லால் நூலைக் கடிக்கப் போனவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தான். சட்டையைப் போட்டு, அந்தப் பட்டனை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினான். கழற்றிய ஊக்கை என்னிடம் நீட்டி, "இது இனி வேண்டாமுங் டீச்சர்" என்றான். அடுத்த நாள் மற்ற ரெண்டு சட்டையோடு தங்கச்சியின் பாவாடையையும் கொண்டுவந்தான்.

அந்தப் பதினாலு பேரில் பீகாரில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. தமிழ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வரும், வகுப்பில் கடைசி வரிசை என்றார்கள். ஓட்டுத் தையல் சொல்லிக்கொடுத்தபோது நான் முடிப்பதற்குள் அவள் ரெண்டு வரிசை போட்டுவிட்டாள், நெல் மணி அடுக்கியது போல. அவர்கள் ஊர்ப் பக்கம் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலிலேயே விரிப்பு தைப்பார்கள், சுஜனி என்று பெயர். பாட்டி தைப்பதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "இப்படியா? இப்படியா?" என்று இவர்கள் கேட்க, அவள் தலையாட்டித் தலையாட்டித் திருத்தினாள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தீர்மானம் போடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. நன்கொடையாளர் தரும் பணத்துக்கு ரெடிமேட் பெட்டி வேண்டாம், ஊசி, நூல், கத்தரியாகக் கொடுங்கள் என்று எழுதுங்கள். பள்ளிக்கு இருபது டப்பா போதும், வகுப்புகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வாரம் ஒரு பீரியட், நாலாவதும் ஐந்தாவதும், பையனும் பெண்ணும் சேர்ந்து. பரீட்சை, மதிப்பெண் எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொலைந்துவிடும் என்று டப்பாக்களைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பீரோவில் பத்திரமாக இருந்து துருப்பிடித்த ஊசிகளை என் வேலைக் காலத்தில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். வருட முடிவில் அதே மாதிரி டப்பா ஒன்றைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகவும் வழி பண்ணினால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

அன்றைக்கு எழுந்து கேட்ட தாய்க்குத் தனியாக ஒன்று. உங்கள் மகள் படித்துப் பெரிய வேலைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் எனக்கும் அதே ஆசைதான். கம்பெனி வாசலை அவள் மிதிக்க வேண்டாம். ஆனால் உங்கள் கைக்குள் இருக்கும் இந்தச் சாமர்த்தியம், ஓடுகிற துணியைக் கண்ணாலேயே அளக்கிற அந்த நிதானம், அவள் தெரிந்துகொள்ளக் கூடாத கேவலமான விஷயம் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மணி. அது உங்களைத் தேய வைத்தது உண்மை. தேய வைத்தது ஊசி இல்லை, அந்தப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

அடுத்த கூட்டத்துக்கு மாதிரிக்கு ஐந்து டப்பா கொண்டுவருகிறேன். காடாவை அலசிக் காயப்போட்டாயிற்று. நீங்கள் வரும்போது வீட்டில் பட்டன் போன சட்டை ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தீக்குச்சி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
பல்லடம் வட்டாரம்